வேம்பு முதல் குழாயடி வரை

அந்த மனிதர் வேப்பமரத்தடியிலிருந்து குழாயடி வரை காலால் அளந்துகொண்டிருந்தார். வாய் எதையோ முணுமுணுத்தது; கண் தரையை விட்டு அகலவில்லை. குழாயடியை அடைந்ததும் நின்றார், திரும்பிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். பிறகு அதே வழியே, அதே முணுமுணுப்புடன், மறுபடியும் அளந்துகொண்டு திரும்பினார்.

புங்கமரத்தின் பின்னால் மறைந்து நின்ற நாகபூஷணம் தாமும் விரல் மடக்கி எண்ணினார்.

ஆந்திர எல்லை ஊரான நகரியில் ஒருவர் காலி இடத்தில் அடி எண்ணி நடந்தால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. தேகப்பயிற்சி என்பது அப்பொருள் அன்று. புத்தூர் தொடங்கித் திருப்பதி வரை நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் நேற்றுவரை கடலை விளைந்த நிலங்களில் இன்று வண்ணக் கொடிகள் பறக்கின்றன. வாயிலில் வளைவு கட்டி, உள்ளே கல் நட்டு, 'வெஞ்சர்' என்று பெயர் சூட்டி மனை விற்கிறார்கள். அந்நிலங்கள் ஒவ்வொன்றிலும் முதன்முதலில் எவரோ ஒருவர் வந்து இவ்வாறுதான் வாய்க்குள் எண்ணிக்கொண்டு நடந்திருப்பார் என்பது நாகபூஷணத்தின் அசைக்க முடியாத துணிபு.

அந்த இடத்தைப் பூங்கா என்று அழைத்தவர்கள் பெருந்தன்மை உடையவர்கள். ஒரு தலைமுறைக்கு முன் அத்தெருக்களை மனைகளாகப் பிரித்து விற்றவர், நடுவில் ஒரு துண்டைப் பொது இடம் என்று விட்டுவிட்டுப் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தார். பின்னர் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. வேம்பும் புங்கும் தாமாகவே முளைத்துத் தாமாகவே வளர்ந்தன. நகராட்சி தன் பங்குக்கு ஒரு குழாயும் இரண்டு சிமெண்டுப் பெஞ்சுகளும் போட்டது. சுற்றுச்சுவர் எழுப்பி இரும்புக் கேட்டும் மாட்டியது. பூட்டுக்கு மட்டும் நிதி ஒதுக்கவில்லை.

ஆயினும் அவ்வூரில் அதன் அருமை அறியாதவர் இல்லை. சுற்றியுள்ள தெருக்களில் பொழுது விடிந்தது முதல் விசைத்தறிகள் ஓடும். அவ்வோசையில் கணவன் சொல்வது மனைவிக்குக் கேட்காது. மனைவி சொல்வது கணவனுக்குக் கேட்டாலும், கேட்கவில்லை என்று அவன் சாதித்துவிடலாம். அம்மரக்கூட்டத்துக்குள் நுழைந்தால்தான் காது என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வரும். காலையில் வயதானவர்கள் நடப்பார்கள். நண்பகலில் தறிக்கூடங்களில் நூல் சுற்றும் பெண்கள் தூக்குச்சட்டியுடன் வந்து உண்டு, முந்தானையை விரித்துச் சற்றுக் கண்ணயர்வார்கள். மாலையில் பிள்ளைகள் வருவார்கள். பேருந்தைத் தவறவிட்டவர்களும், வீட்டில் சண்டையிட்டவர்களும், சில ஆடுகளும் எந்நேரமும் வருவதுண்டு.

நாகபூஷணம் தறிகளை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்தவர். பாதிச் செவியைத் தறிக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டார். எஞ்சிய பாதியுடன் நிம்மதியாக உட்காருவதற்கு இவ்வுலகில் அவருக்கு இருந்தது அந்தப் பெஞ்சு ஒன்றுதான். அது பறிபோனால் மீதி வாழ்நாளை ஓசையில்தான் கழிக்க வேண்டும்.

மறுநாள் அந்த மனிதர் குழாயடியோடு நிற்கவில்லை. உடைந்த பெஞ்சு வரை அளந்தார். அதற்கு மறுநாள் பின்சுவர் வரை போனார். ஒவ்வொரு நாளும் அவர் விரும்பும் நிலத்தின் பரப்பு கூடிக்கொண்டே வருவதை நாகபூஷணம் கண்ணாரக் கண்டார். வீட்டுமனையை அவ்வூரார் அங்கணம் என்னும் நில அளவைக் கணக்கில்தான் பேசுவது வழக்கம். அங்கணம் அங்கணமாகப் பூங்கா கரைந்து போவதை மனக்கண்ணில் கண்டபடி அவர் வீடு திரும்பினார்.

மனைவி வரலட்சுமி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"போயி, இன்னா சார் பண்றீங்கன்னு ஒரு வார்த்த கேக்கறதுதானே."

"கேட்டா உஷாராயிடுவான்."

"உஷாராயி?"

"வேற மாதிரி அளப்பான்."

"அளந்தா எடம் தேஞ்சிடுமா? கேட்டுட்டு வாங்க."

கேட்பது என்பது நாகபூஷணத்தின் இயல்பில் இல்லாத ஒன்று. சந்தேகப்படுகிறவன் கேட்கத் தொடங்கினால் சந்தேகத்துக்கு என்ன மரியாதை? ஆகவே அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வார்டு சச்சிவாலயத்துக்குப் புறப்பட்டார். ஊர் விவகாரம் எதுவாயினும் முதலில் முறையிட வேண்டிய அலுவலகம் அது.

அங்கே நகரமைப்பைக் கவனிக்கும் இளம்பெண் மோகனப்ரியா அவரைக் கண்டதும் எழுந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு, உட்காருங்கள் அங்கிள் என்றாள். நாகபூஷணம் அக்கணமே எச்சரிக்கை அடைந்தார். கேட்காமலே நாற்காலி கிடைக்கும் அரசு அலுவலகத்தை அவர் தம் வாழ்நாளில் கண்டதில்லை.

அவர் விவரத்தைக் கூறினார். அது பொது இடம், யாராலும் விற்க முடியாது, கவலைப்பட வேண்டாம் என்று அவள் சிரித்த முகத்துடன் விளக்கினாள். அளந்த ஆள் யார், பெயர் என்ன என்றும் வினவினாள். பெயர் தெரிந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன் என்று இவர் பதிலுக்கு வினவினார். கடைசியில் அவள் டீ வரவழைத்தாள். நாற்காலிக்கு மேல் டீயும் வந்ததும் அவருடைய ஐயம் உறுதிப்பட்டது. இவர்களும் இதில் கூட்டு.

இனி அரசை நம்பிப் பயனில்லை என்று தெளிந்த அவர், நண்பகலில் பூங்காவுக்குச் சென்று பொன்னியம்மாவைத் தனியே அழைத்தார். நூல் சுற்றும் பெண்களில் அவள்தான் மூத்தவள். நாவிலும் அவள்தான் முதல்வி. ஒருவன் இடத்தை அளக்கிறான், நீங்கள் நாள்தோறும் இங்கே இருப்பவர்கள், ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விஷயம் வெளியே போகக்கூடாது என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார்.

"என் வாயில இருந்து ஒரு சொல்லு வராது ஓனரண்ணா" என்றாள் பொன்னியம்மா.

அவள் வாக்குத் தவறவில்லை. உடன் வேலை செய்யும் பெண்களுக்கு மட்டுமே சொன்னாள். ஆனால் நகரியில் இரகசியம் பேசுவதில் ஓர் இடையூறு உண்டு. தறி ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்தவர் காதுக்கு எட்ட வேண்டுமானால் தொண்டை கிழியக் கத்தியாக வேண்டும். ஆகவே அன்று மாலைக்குள் அந்த இரகசியம் தெருத்தெருவாகக் கத்தப்பட்டது. ஊரார் அதை வாங்கி, அவரவர் அறிவுக்கு எட்டியவாறு ஆராய்ந்தார்கள். அளக்கிறான் என்றால் விற்கிறான் என்றார் ஒருவர். பொது இடத்தைத் தனியார் விற்க முடியாது, ஆகையால் அளப்பது அரசாங்கம்தான் என்றார் சட்டம் தெரிந்த மற்றொருவர். அரசாங்கம் எதற்காக அளக்கும்? வீட்டுமனைப் பட்டா கொடுக்கத்தான் அளக்கும். யாருக்குக் கொடுக்கும்? யார் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்கு.

மறுநாள் காலை நாகபூஷணம் பூங்காவுக்குள் காலடி வைத்தபோது தரையெங்கும் செங்கல்லும் கருங்கல்லுமாக வரிசை வரிசையாகப் பதிந்திருந்தன. கற்களின் மேல் சுண்ணாம்பால் பெயர்கள். புங்கமரத்துக்கும் வேப்பமரத்துக்கும் இடையே கயிறு கட்டிச் சாயம் தோய்த்த நூல் உலர்ந்துகொண்டிருந்தது. குழாயடியில் புனுகுலுப் பலகாரம் சுடும் தள்ளுவண்டி ஒன்று, பிறந்ததிலிருந்தே அங்கே இருப்பது போல எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு நின்றது. சக்கரமில்லாத ஆட்டோ ஒன்றை யாரோ தூக்கி வந்து போட்டிருந்தார்கள்.

பொன்னியம்மா ஒரு கல்லின் மேல் கம்பீரமாக அமர்ந்திருந்தாள்.

"இன்னா பொன்னி இது?"

"எங்க எடம்ணா. கல்லு வெச்சிட்டோம்."

"பட்டா குடுக்கறாங்கன்னு யார் சொன்னா உனக்கு?"

"நீங்கதான் சொன்னீங்களே, அளக்கறான்னு. சும்மாவா அளப்பான் ஒருத்தன்?"

தம்முடைய வாதமே தமக்கு எதிரில் கல்லாக வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு நாகபூஷணம் குனிந்து கற்களின் பெயர்களைப் படித்தார். பொன்னியம்மா அவர் முகவாட்டத்தை வேறுவிதமாகப் புரிந்துகொண்டாள்.

"உங்களுக்கும் ஒண்ணு வெச்சிருக்கோம்ணா" என்றாள் ஆறுதலாக. "பெஞ்சாண்ட. நெழலான எடம்."

காலையில் நடக்கும் பெரியவர்கள் கல் தடுக்கி விழத் தொடங்கினார்கள். ஒருவர் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு நாகபூஷணத்தின் வீட்டுக்கே வந்து நியாயம் கேட்டார். அளக்க வந்தவன் ஒருவன்தான். அவனைப் பிடிப்பதற்குள் ஊரே ஆளுக்கோர் அங்கணம் எடுத்துக்கொண்டுவிட்டதே என்று நாகபூஷணம் உள்ளம் கொதித்தார். அன்றே கடைவீதிக்குப் போய்க் கனத்த சங்கிலி ஒன்றும், அதைவிடக் கனத்த பூட்டு ஒன்றும் வாங்கினார். மகனுடைய தறிக்கூடத்து ஆட்களை வரவழைத்துக் கற்களைப் பெயர்த்தார், கயிற்றை அறுத்தார், ஆட்டோவை உருட்ட முடியாமல் தூக்கி வெளியே வைத்தார், புனுகுலு வண்டிக்காரனிடம் ஒரு பொட்டலம் வாங்கித் தின்று சமாதானப்படுத்தி அனுப்பினார். பிறகு கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.

நண்பகலில் தூக்குச்சட்டியுடன் வந்த பெண்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். அவர் உள்ளே நின்றார். நடுவில் கம்பி.

"கொஞ்ச நாளைக்குத்தான் பொன்னி. எடத்தக் காப்பாத்தணும்ல."

"யாருக்காவ காப்பாத்தறீங்க?"

"இன்னா கேள்வி இது. உங்களுக்காவத்தான்."

"அப்ப நாங்க எங்க குந்தறது?"

இதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று அவர் விடையளித்தார். அவர்கள் சிறிது நேரம் கம்பி வழியே மரநிழலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தறிக்கூடத்து வாசற்படிக்குப் போய், ஓடும் தறிகளின் ஓசைக்கு நடுவே உண்ணத் தலைப்பட்டார்கள்.

முதலில் காலையில் நடக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு சாவி கொடுத்திருந்தார். ஆனால் அவர்களுள் ஒருவருடைய மருமகன் திருப்பதியில் மனை வியாபாரம் செய்வது நாகபூஷணத்தின் நினைவுக்கு வந்தது. மற்றொருவர் போன மாதம் வீட்டுக்கு மாடி எடுத்தார். அதற்கு வழி எங்கிருந்து வந்தது? வேறொருவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர். அத்தகையோரை எவ்வாறு நம்புவது? ஒவ்வொரு சாவியாகத் திரும்பி வந்தது. முடிவில் ஒரே ஒரு சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கியது. அவர் மட்டும் உள்ளே சென்று, பெஞ்சில் அமர்ந்து, பறவைகளின் ஒலியைக் கேட்டார். இடம் துப்புரவாக இருந்தது. ஒரு காகிதத் துண்டு இல்லை. ஒரு பருக்கை இல்லை. பெருமையாகத்தான் இருந்தது, சற்றே போரடிக்கவும் செய்தது.

பெருமை நீடிக்கவில்லை. சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தபோது, அந்த மனிதர் வெளிப்புறம் சுவரோரமாக முணுமுணுத்துக்கொண்டே நடந்துகொண்டிருந்தார். உள்ளே விடாவிட்டால் வெளியிலிருந்து அளக்கிறான். வெளியிலிருந்து அளந்தால் சுவரின் கனமும் கணக்கில் சேரும் அல்லவா? திருடனுக்கு இலாபம் செய்து கொடுத்துவிட்டோமே என்று நாகபூஷணம் கலங்கினார்.

அப்போதுதான் அவருக்கு அவ்வட்டாரத்து நிலச் சொந்தக்காரர்கள் கையாளும் உபாயம் ஒன்று நினைவுக்கு வந்தது. எவரும் வாங்க வராமலிருக்க வேண்டுமானால், சுவரில் பெரிய எழுத்தில், இது கோர்ட்டு வழக்கிலுள்ள இடம் என்று எழுதி வைத்துவிடுவார்கள். சந்திரகிரிப் பக்கம் அத்தகைய சுவர்கள் பலவற்றை அவர் பேருந்திலிருந்து பார்த்திருக்கிறார். விளம்பரப் பலகை எழுதும் பாஸ்கரை அழைத்து வந்து, தெலுங்கிலும் தமிழிலும் சிவப்பு வண்ணத்தில், 'இந்த இடம் வழக்கில் உள்ளது, வாங்குவோர் ஏமாற வேண்டாம்' என்று எழுதச் செய்தார்.

எழுதி முடித்த பாஸ்கர் தூரிகையைத் துடைக்காமல் நின்றான். கீழே போன் நம்பர் போடாவிட்டால் ஒருவரும் நம்ப மாட்டார்கள், வழக்கு நடத்துகிறவன் என்று ஓர் ஆள் இருந்தால்தான் அது வழக்கு என்று தொழில் அனுபவத்தைக் கொண்டு எடுத்துரைத்தான். நியாயமாகவே பட்டது. நாகபூஷணம் தம்முடைய எண்ணைக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அந்தப் போன் ஓயவில்லை.

வழக்கிலுள்ள நிலம் என்றால் விலை மலிவு என்பதும், மலிவான நிலத்தைத் தேடி அலைவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது என்பதும் அவருக்கு அதுவரை தெரியாது. சித்தூரிலிருந்து பேசினார்கள், சூளூர்பேட்டையிலிருந்து பேசினார்கள். எதிர்த்தரப்பு யார் என்று சொன்னால் போதும், மற்றதைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாக ஒருவர் அன்புடன் தெரிவித்தார். எதிர்த்தரப்பே இல்லை என்று இவர் உண்மையைச் சொன்னதும் அவருடைய அன்பு இருமடங்காயிற்று.

அவர் குளித்துக்கொண்டிருந்த ஒரு வேளையில் வரலட்சுமி போனை எடுத்துவிட்டாள். குளித்து முடித்து வந்தவரைப் பார்த்த அவள் பார்வையில் அவர் இதுகாறும் கண்டிராத குளிர்ச்சி இருந்தது.

"எந்த ஊரு எடத்தங்க விக்கறீங்க?"

"நான் ஒண்ணும் விக்கல."

"அங்கணம் இன்னா ரேட்டுன்னு எங்கிட்ட கேக்கறான். எனக்குத் தெரியாம எங்க வாங்கினீங்க, யார் பேர்ல வாங்கினீங்க?"

"அது பார்க்கு, வரலட்சுமி."

"பார்க்க விக்கறீங்களா?"

நடந்ததை முழுவதும் விளக்கி முடிக்க ஒரு பொழுது பிடித்தது. அவள் நம்பியதாகத் தெரியவில்லை. அன்றைச் சாம்பாரில் உப்பு இல்லை. அது மறதியால் நேர்ந்தது அன்று.

இந்நிலையில் மோகனப்ரியா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். வரலட்சுமி நாற்காலி போட்டாள். இம்முறை நாற்காலியைக் கண்டு அஞ்சியவள் அந்தப் பெண்தான். சற்றுத் தயங்கிவிட்டுத் தன் செல்போனிலிருந்த படத்தைக் காட்டினாள். யாரோ ஓர் ஆள் பொதுப்பூங்காவை ஆக்கிரமித்து, சனங்களை விரட்டி, பூட்டுப் போட்டு, சுவரில் வழக்கு என்று எழுதி, விற்பனைக்கு நம்பரும் கொடுத்திருப்பதாக வார்டு முழுவதிலிருந்தும் புகார் குவிகிறதாம்.

"அந்த நம்பருக்கு நானே போன் பண்ணேன் அங்கிள்" என்றாள் மெல்ல. "நீங்க எடுத்தீங்க."

நாகபூஷணம் நெடுநேரம் பேசினார். அவள் பொறுமையாகக் கேட்டாள். ஆனால் கேட்கும்போதே கண்ணைச் சுருக்கினாள். அந்தச் சுருக்கம் அவருக்கு நன்கு பழக்கமானது. பிறரைப் பார்க்கும்போது தம் முகத்திலும் அது இருக்கும் என்பதை அவர் அறிவார். எழுத்தை அழிக்க வேண்டும், கேட்டைத் திறந்துவிட வேண்டும், இல்லையேல் தான் மேலதிகாரிக்கு எழுத நேரிடும் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.

எழுத்தை அவர் அன்றே சுண்ணாம்பு பூசி மறைத்தார். கேட்டைத் திறப்பதற்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. திறந்தால் மீண்டும் கல் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் வேர் அந்த அளக்கும் மனிதன். வேரைக் கிள்ளாமல் கேட்டைத் திறந்து என்ன பயன்?

ஆகவே மறுநாள் காலை, தம் இயல்புக்கு மாறாக, நேரில் கேட்டுவிடுவது என்று துணிந்து அவர் சுவரோரமாகச் சென்றார்.

அந்த மனிதர் அளக்கவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் அமர்ந்திருந்தார். கால்சட்டையின் ஒரு காலை முழங்கால் வரை சுருட்டியிருந்தார். காலில் மூங்கில் பத்தை அழுந்திய தழும்பும், துணி சுற்றியிருந்த வெளிறிய தடமும் இருந்தன. மூலிகை எண்ணெயின் வாடை வீசியது. அவ்வாடையை அறியாதவர் அவ்வட்டாரத்தில் இல்லை. புத்தூர்க் கட்டு.

"லாரிக்காரன் இடிச்சிட்டான் சார்" என்றார் அவர், கேட்காமலே. "புத்தூர்ல கட்டு போட்டு, இப்பதான் அவுத்தாங்க. மண்ணு தரையில நடக்கணும், தெனம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கினு போவணும்னு சொல்லிக்கிறாங்க. உள்ள நல்லா இருந்திச்சி. இப்ப பூட்டிட்டாங்க. இந்தத் தார் ரோட்டுல முடியல சார்."

நாகபூஷணம் அவர் அருகே குந்தினார்.

"எண்ணிக்கினு நடந்தீங்களே?"

"எண்ணாம நடந்தா வலி ஞாபகம் வருது."

நாகபூஷணம் தம் வாழ்நாளில் எத்தனையோ பேரை ஐயுற்றிருக்கிறார். ஐயுற்றதற்காக வெட்கியது அதுவே முதல் தடவை. கால் நொந்த ஒரு மனிதனைத் தார்ச்சாலையில் துரத்திய பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது? அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி, பூட்டைத் திறந்து, உள்ளே அழைத்துச் சென்று, தம் சொந்தப் பெஞ்சில் அமர்த்தினார். குழாயில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். அவர் பெயர் சுரேஷ்பாபு, பக்கத்துத் தெருவில் அண்மையில் குடி வந்தவர் என்றெல்லாம் விசாரித்து அறிந்தார். பேச்சும் உடையும் கண்ணியமாக இருந்தன. எத்தகைய பெரிய மனிதரை என்னவென்று நினைத்துவிட்டோம் என்று அவர் மனம் மேலும் நொந்தது.

மனம் நொந்தவர் எதையும் மறைப்பதில்லை. இரகசியம் ஊருக்குப் பரவியது, பெண்கள் கல் வைத்தது, தாம் அவர்களை வெளியேற்றியது, கோர்ட்டு எழுத்து எழுதியது, அழித்தது யாவற்றையும் நாகபூஷணம் சிரிப்பும் வெட்கமுமாக ஒப்பித்தார். சுரேஷ்பாபு அக்கறையுடன் செவிமடுத்தார். சனங்கள் இப்போது வருவதே இல்லையா என்று இடையில் ஒருமுறை கேட்டார். ஓர் ஈ கூட வருவதில்லை என்று நாகபூஷணம் பெருமிதத்துடன் கையை விரித்துக் காட்டினார். கேட்கக் கேட்க அந்த மனிதர் முகத்தில் தெளிவு பிறந்தது. நல்ல பேச்சுத் துணை கிடைத்தால் வலிகூடக் குறைந்துவிடுகிறது என்று நாகபூஷணம் எண்ணிக்கொண்டார்.

அன்று மாலையே கடைவீதியில் இன்னொரு சாவி வெட்டுவித்து, அதைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தார். எந்நேரமும் வரலாம், யாரையும் கேட்க வேண்டாம், உங்கள் இடம் போல நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். சுரேஷ்பாபு இரு கைகளாலும் அதைப் பெற்றுக்கொண்டார்.

இது பொன்னியம்மாவின் கண்ணில் பட்டுவிட்டது. மறுநாள் நண்பகல் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தாளுக்கு சாவி, எங்களுக்கு கம்பியாண்ணா?"

"அவரு ஒடம்பு முடியாதவரு பொன்னி. பெரிய மனுஷன்."

"போன வாரம் திருடன்னு சொன்னீங்க."

"விசாரிச்சிட்டேன். தங்கமான ஆளு."

"எங்களையும் ஒருவாட்டி விசாரிக்கறதுதானே. நாங்களும் நாள் பூரா நின்னுக்கினுதான் கீறோம். எங்களுக்கு மட்டும் காலு வலிக்காதா?"

கல் வைக்க மாட்டோம் என்று எல்லோரும் உறுதி சொன்னால் யோசிக்கலாம் என்று அவர் கூறினார். இதுவரை கல் வைத்தது யார் சொல்லி என்று அவள் திருப்பிக் கேட்டாள். தறிகள் ஓடும் தெருப்பக்கம் திரும்பி, அது கேட்காதது போல அவர் நின்றார். அந்த வித்தை அவருக்கு எப்போதும் கைகொடுக்கும்.

அதன் பின் சில நாட்கள் அமைதியாகச் சென்றன. போன் வருவது குறைந்தது. சாம்பாரில் உப்பு திரும்பியது. காலையில் நாகபூஷணம் போகும்போது சுரேஷ்பாபு ஏற்கெனவே உள்ளே இருப்பார். சில நாட்கள் கண்ணியமான நண்பர்கள் ஓரிருவரும் உடனிருப்பார்கள். நோயாளியைத் தனியே விடாமல் துணைக்கு வரும் நண்பர்கள் வாய்ப்பது இக்காலத்தில் அரிது என்று நாகபூஷணம் வீட்டில் வியந்து பேசினார்.

"அதெல்லாம் சரி" என்றாள் வரலட்சுமி. "சாவியத் தூக்கிக் குடுத்தீங்களே, அவரு இன்னா வேல பாக்கறாருன்னு கேட்டீங்களா?"

கால் உடைந்தவரிடம் தொழிலைக் கேட்பது பண்பாகாது என்று அவர் கூறினார். ஊரில் ஒவ்வொருவரையும் சந்தேகித்துக்கொண்டே இருந்தால் மனிதன் எப்போது நிம்மதியாக வாழ்வது என்றும் மனைவிக்கு நயமாக உபதேசித்தார். அவ்வுபதேசம் அவர் வாயிலிருந்து வருவதைக் கேட்டு வரலட்சுமி நறுக்கிய வெண்டைக்காயை அப்படியே கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

அவ்வேளையில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், திருப்பதி லட்டு. சுரேஷ்பாபுவின் மனைவி ஸ்ரீதேவி என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். மலைக்குப் போய் வேண்டுதலை முடித்துவிட்டு நேரே இங்கேதான் வருகிறாளாம். கால் போனதிலிருந்து இடிந்து உட்கார்ந்திருந்த மனிதரை அண்ணன்தான் எழுப்பி நடக்க வைத்தார், இந்த உதவியை ஏழு பிறவிக்கும் மறக்க மாட்டோம் என்று சொல்லி, நாகபூஷணத்தின் காலைத் தொட்டு வணங்கினாள். அவர் கூச்சத்துடன் பின்வாங்கி, மனைவியை ஒரு பார்வை பார்த்தார். நம்பிக்கை வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதோ லட்டு.

வரலட்சுமி தட்டை வாங்கி வைத்துவிட்டு, கணவர் கேட்காமல் விட்டதைத் தானே கேட்டாள். வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார்?

ஸ்ரீதேவி முகமெல்லாம் மலர்ந்தாள்.

"வெஞ்சர் போடறாருக்கா. இந்தப் பார்க்க எப்பவோ பாத்து வெச்சிருந்தாரு. எந்நேரமும் பொம்பளைங்க குந்திக்கினு சோறு துன்னுக்கினு கீறாங்க, இத ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஆசையவே வுட்டுட்டாரு. அண்ணா அவங்க எல்லாரையும் வெளிய அனுப்பி, பூட்டும் போட்டு, சாவியையும் கையில குடுத்தப்புறம்தான் அந்த மனுஷனுக்கு காலே நேரா வந்துது."